பேரப்பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவரா?

அம்மா இறந்த மறுநாள் சொந்தக்காரப் பையன்கள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். "பேரப்பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த எங்கள் அம்மாச்சிக்குக் கண்ணீர் அஞ்சலி." பாசத்தில் போட்டது, குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அது உண்மை இல்லை. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது வரை முழுசாக ஒரு உத்தியோக வாழ்க்கை இருந்தது. அதற்கப்புறம் என் பிள்ளைகளை வளர்த்தாரே, அதுவும் வேலைதான். அந்த வேலைக்கு அவர் நிபந்தனை போட்டுத்தான் வந்தார்.

பழைய எஸ்.எஸ்.எல்.சி., இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி, 1968-இல் அறந்தாங்கிப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை. ஈராசிரியர் பள்ளி. ஒருத்தர் லீவு போட்டால் அஞ்சு வகுப்பும் மற்றவர் தலையில். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது, துதிக்கை போட்ட பழைய ணை, லை, னை எல்லாவற்றையும் கரும்பலகையில் மாற்றிக்கொண்டார். மளிகைச் சீட்டில் மட்டும் கடைசிவரை மாற்றவில்லை. வெற்றிலை, கடலைப்பருப்பு எல்லாம் துதிக்கையோடுதான் இருக்கும். என் மகன் அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கடையில் நின்று முழித்திருக்கிறான்.

1982 ஜூலையில் சத்துணவு தொடங்கியபோது நான் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. வருகைப்பதிவு எடுத்ததும் தலையை எண்ணிச் சமையல்கட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். தம்பியை, தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் பெண்பிள்ளைகள் எப்போதும் ரெண்டு மூணு பேர் இருப்பார்கள். அப்பா அம்மா நடவுக்கோ களையெடுக்கவோ போயிருப்பார்கள். இடுப்பில் இருக்கும் பிள்ளை பதிவேட்டில் வராது. ஆனால் அதற்கும் ஒரு தட்டு வந்துவிடும், எப்படி என்று அம்மா சொன்னதில்லை. "தூக்கிட்டே வா, வராம மட்டும் இருந்துடாதே" என்பார் அந்தப் பெண்களிடம். பிள்ளை பார்க்க ஆளில்லாத வீட்டில் படிப்பை நிறுத்துவது மூத்த பெண்ணுக்குத்தான் என்று அவருக்குத் தெரியும்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் இறங்கினார்கள். நாற்பதைத் தாண்டியிருந்த அம்மாவும் கற்றுக்கொண்டார். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவள் நான். சேலை செயினில் மாட்டி விழுந்து, எழுந்து, "நீ பிடிச்சதாலதான் விழுந்தேன்" என்று என்னையே திட்டினார்.

2003-ஐப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். அந்த ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கினார்கள். அம்மாவும் அதில் ஒருத்தர். ஓய்வுபெற மூன்று வருடம்கூட இல்லை. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையே இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தவர்களைத் திரும்ப எடுத்தார்கள். அம்மாவும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் வழக்கம்போல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டார்.

2006 மே மாதம் ஓய்வு. எனக்குத் திருச்சியில் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ஷிஃப்ட் முறை. மூத்தவளுக்கு ரெண்டு வயது. அம்மாவைக் கூப்பிட்டேன். "வர்றேன். ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிடுவேன். பென்ஷன் புத்தகம் என் பையிலதான் இருக்கும். நேர்காணல் அன்னிக்கு யாரும் எங்கிட்ட பிள்ளையைக் குடுக்கக் கூடாது." என் கணவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதைக் காட்ட கருவூலத்துக்குப் போவார்களே, அந்த நேர்காணல்தான் அவருக்குத் தீபாவளி. சுங்குடிச் சேலை, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல். பழைய டீச்சர்கள் எல்லாரும் வருவார்கள். முடித்துவிட்டு ஹோட்டலில் டிபன். யார் போய்ச் சேர்ந்தார்கள், யாருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று சாயங்காலம் வரை பேச்சு. வீடு திரும்பும்போது பத்து வயது குறைந்திருக்கும்.

அவரால் நிபந்தனை போட முடிந்ததே பென்ஷன் இருந்ததால்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். எங்கள் தெருவிலேயே மகன் வீட்டில் பிள்ளை பார்க்கும் பாட்டிகள் எத்தனை பேர்! மூட்டுவலி மாத்திரைக்குக்கூட மகனிடமோ மருமகளிடமோ கேட்டுத்தான் வாங்க வேண்டும். அவர்களால் ஞாயிறு லீவு கேட்க முடியுமா? 2003 ஏப்ரல் 1 முதல் அரசு வேலைக்குச் சேர்ந்தவர்களை, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாற்றியபோது அரசின் செலவு மிச்சம் என்றுதான் பேசினார்கள். வயதான பெண்ணுக்கு வீட்டுக்குள் என்ன மரியாதை மிஞ்சும் என்று எந்த மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இலேயே மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது. என்னோடு வேலை பார்க்கும் சின்னப் பெண்கள் இன்றைக்கும் ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோதான் கூட்டிவருகிறார்கள். காப்பகத்துக்கு ஆகிற செலவைப் பாட்டியின் பாசத்தில் கழித்துக்கொள்கிறோம், அப்புறம் ஃபிளெக்ஸ் வைக்கிறோம்.

கருமாதி முடிந்து உட்கார்ந்திருந்தபோது மூத்தவள் கேட்டாள்: "நாளைக்கு எனக்கு ஒரு குழந்தை பொறந்தா நீதானம்மா பாத்துக்கணும்?"

சம்பளம் எவ்வளவு தருவே, ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறாளாம்.