இனி யாராவது ‘ஃபோர்மட் அடிக்கட்டா’ என்று கேட்டால்...

போன சனிக்கிழமை இரவு வெள்ளவத்தையில் கரண்ட் வந்து வந்து போனது. என் யுபிஎஸ் பற்றரி செத்துப் பல மாதம். மாற்ற வேணும், மாற்ற வேணும் என்று சொல்லிக்கொண்டே திரிந்த சோம்பேறி நான்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். கரண்ட் வந்தபின் கொம்பியூட்டரைப் போட்டால், விண்டோஸுக்குப் பதிலாக நான் பாவிக்கும் உபுண்டுவைக் காணோம். கறுப்புத் திரையில் ‘எஃப்எஸ்சிகே-யை நீயே ஓட்டு’ என்று ஓர் அதட்டல் மட்டும். டிஸ்க்கில் கோப்புகளின் ஒழுங்கைச் சோதித்துத் திருத்தும் கட்டளை அது.

மச்சானுக்குக் கோல் எடுத்தேன். “பின்னால ஒரு ஒய் போட்டு ஓட்டு மச்சான், கேக்கிற எல்லாத்துக்கும் அதுவே ஓம் எண்டு சொல்லிக்கொள்ளும்.” போட்டேன். ஆயிரக்கணக்கான ஓம்! எதற்கு ஓம் என்று ஒரு வரியாவது படித்தேனா? இல்லை. வாடகை ஒப்பந்தம் என்றால் நாலு தரம் படிப்பேன். பதினொரு வருஷப் படங்களுக்கும் மொழிபெயர்ப்பு வேலைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து.

உபுண்டு டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையான ஈஎக்ஸ்டி4-இல், செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜேர்னல் என்று ஒன்று இருக்கிறது. வெறும் கரண்ட் வெட்டென்றால் பெரும்பாலும் அதுவே சமாளித்துவிடும். சமாளிக்கவில்லை என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிறகு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை எடுத்துப் பார்த்தால், வாசிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) நூற்றுக்கும் மேல். டிஸ்க்கே சாகக் கிடக்கிறது, நான் அதன் நெஞ்சில் ஏறி நின்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்! எஃப்எஸ்சிகே டிஸ்க்கில் எழுதித்தானே திருத்தும்? ஒய்க்குப் பதிலாக ‘என்’ (n) என்ற எழுத்தைப் போட்டிருந்தால் எதையும் மாற்றாமல் பார்த்து மட்டும் சொல்லியிருக்கும். அதை ஏனடா ஒருத்தரும் முதலில் சொல்வதில்லை?

சரி, திங்கட்கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். தம்பி டிஸ்க்கை விண்டோஸில் செருகினான். விண்டோஸுக்குத் தானாக ஈஎக்ஸ்டி4 வாசிக்கத் தெரியாது. தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்தானே? இல்லை, ‘பாவிக்க முன் ஃபோர்மட் செய்ய வேண்டும்’ என்று பெட்டி காட்டுகிறது. தம்பி மவுஸைக் கொண்டு போய்விட்டான். “அண்ணா, ஃபோர்மட் அடிச்சுத் தரட்டா?” நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தரவை மீட்க வந்தவனிடம் அழிக்கட்டா என்று கேட்கிறான், அதுவும் முகமலர்ச்சியோடு.

செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: டிஸ்க்கை மவுண்ட் செய்யாமல், அதாவது கோப்புகளைத் திறக்க இணைக்காமல், அதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க்கில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலால் அச்சொட்டாக ஒரு பிரதி எடுப்பது. அது நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகுதான் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று குறித்து வைக்க மேப் கோப்பு ஒன்றைக் கொடுத்து வைத்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்கள் ஊருக்கென்றே எழுதினார்களோ என்னவோ. எஃப்எஸ்சிகே, தொலைந்த பகுதிகளைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் எல்லாக் கூத்தையும் அந்தப் பிரதியில் ஆடியிருக்கலாம். பிழையாகிப் போனால் இன்னொரு பிரதி. நான் அதைச் செய்தது ஒப்பாரி எல்லாம் முடிந்த பிறகு. இரண்டு நாள் ஓடியது.

கிடைத்தது என்ன? எஃப்எஸ்சிகே அனாதைக் கோப்புகளைக் கொண்டு போய்ப் போடும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் அடைவில் (ஃபோல்டரில்) நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள், ஒன்றுக்கும் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். கோப்பின் பெயர் அடைவில்தான் இருக்குமாம், ஒவ்வொரு கோப்புக்கும் இலக்கத்தோடு இருக்கும் ஐநோட் என்ற பதிவில் அளவும் தேதியும் மாதிரி விவரங்கள் மட்டும். அடையாள அட்டை இலக்கத்தோடு சனம் நிற்கிறது, யார் பெற்ற பிள்ளை என்று சொல்ல ஆளில்லை.

இப்போது ஒவ்வொரு இரவும் ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். 524311 தங்கச்சியின் கல்யாணப் படம், பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். 524312 ஒரு பழைய தண்ணீர் பில், ஒரு புள்ளி குறையாமல் முழுசாக இருக்கிறது.