"சோறு போடுகிற இடம்தானே" என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் நடந்ததை நான் இங்கே மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்கும், அன்றிரவு பதினொரு மணி வரை வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த செய்திகளைப் படித்தவர்களுக்கும் எல்லாம் தெரியும். ரேஷன் கடைக்குப் பின்னால் வாடகை அறையில் நடந்துவரும் அங்கன்வாடிக்கு இரண்டாவது குறுக்குத் தெருவின் பொது இடத்தில் சொந்தக் கட்டடம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டீர்கள். கை தூக்காதவர்கள் நான்கு பேர்; அவர்களில் நானும் ஒருத்தி. அன்றே எழுந்து பேசியிருக்க வேண்டும். வாயெடுத்தபோது முன்வரிசையிலிருந்து ஒருவர், "சோறு போட்டுத் தூங்க வைக்கிற இடம்தானே மேடம் அது, எங்கே இருந்தால் என்ன?" என்று கேட்டார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

சோறு போடுகிற இடம்தான். அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன், பெருமையோடு ஒப்புக்கொள்கிறேன். 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நம் திருச்சிக்குப் பக்கத்திலுள்ள பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு, இன்னும் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத இரண்டு வயதுக் குழந்தைக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தார்கள். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1975 அக்டோபர் 2 அன்று, நாட்டில் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோதே, இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, தேவைப்படும் பிள்ளையை மருத்துவமனைக்குப் பரிந்துரைத்து அனுப்புதல், தாய்மார்களுக்கு உணவும் சுகாதாரமும் பற்றிய அறிவுரை என்று ஆறு பணிகளை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தார்கள். அந்த ஆறில் ஒன்றுதான் சோறு. மற்ற ஐந்தும் உங்கள் கண்ணில் படவில்லை என்றால், ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த அறைக்குள் நீங்கள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் அந்த வாசலை அறிந்து வளர்ந்தவள். லால்குடிப் பக்கத்தில் எங்கள் ஊரில் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். தம்பி அப்போது கைக்குழந்தை. மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான்தான் அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், நடவு தொடங்கிவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிச் சன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே என் வகுப்புப் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவனுடைய எடையைத் தாங்கித் தாங்கி என் இடது இடுப்பெலும்பின் மேல் தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. அவனுக்கு இரண்டு வயது முடிந்த வாரத்தில் அம்மா அவனைப் பால்வாடியில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் நான் வகுப்பில் உட்கார்ந்தேன். பால்வாடி அன்றைக்கு என் தம்பிக்குச் சத்துமாவு உருண்டை கொடுத்தது உண்மை. எனக்கு அது படிப்பைக் கொடுத்தது. இன்று ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் நான் கணக்குப் பார்க்கிறேன், இந்த நகரில் வீடு கட்டியிருக்கிறேன், உங்கள் சங்கத்துக்குச் சந்தா செலுத்துகிறேன் என்றால், அந்த ஓட்டுக் கட்டடத்தில் யாரோ ஓர் ஆயா என் தம்பியை என் இடுப்பிலிருந்து வாங்கி இறக்கிவைத்ததால்தான்.

"அது அந்தக் காலம், இப்போது யார் நடவுக்குப் போகிறார்கள்?" என்று கேட்பீர்கள். இந்தக் காலத்தையும் சொல்கிறேன். என் மகளை முதலில் தனியார் மழலையர் பள்ளி ஒன்றில்தான் சேர்த்தேன். இதை நானே சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லிக் காட்டுவீர்கள். சேர்க்கையின்போது இரண்டரை வயதுப் பிள்ளையை மேசைக்கு முன்னால் நிறுத்தி, நிறங்களின் பெயர்களை ஆங்கிலத்தில் கேட்டார்கள். பெற்றோர் எங்கள் இருவருடைய படிப்பையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஆறு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ வடிகட்டும் தேர்வு வைக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கே கூடாதென்றால் இரண்டரை வயதுப் பிள்ளைக்கு எப்படித் தகும் என்று அன்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. இடம் கிடைத்ததே போதும் என்றிருந்தது. நான்கு மாதத்தில் அவளுடைய நாட்குறிப்பில் மூன்று முறை எழுதி அனுப்பினார்கள்: கவனம் இல்லை, கூப்பிட்டால் வருவதில்லை, சொன்னதைச் செய்வதில்லை. வீட்டில் நானும் அவளைத் திட்டினேன். ஒருநாள் அடித்தும்விட்டேன். அதை நினைத்தால் இன்றும் கை கூசுகிறது.

பிறகு வீடு மாறினோம். பன்னிரண்டு மணிக்கு வந்து அழைத்துப் போக ஆளில்லாததால் இங்கே பால்வாடியில் விட்டேன். மூன்றாவது வாரம் ஒரு மாலை, டீச்சர் என்னை வாசலில் நிறுத்தினார். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து 'குலை குலையா முந்திரிக்கா' விளையாடியிருக்கிறார்கள். என் மகளுக்குப் பின்னால் துணியைப் போட்டுவிட்டு எல்லாப் பிள்ளைகளும் கத்தியும் அவள் திரும்பவில்லை. மறுநாளும் அப்படியே. அதன்பின் அந்த அம்மா ஒரு கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு, அவள் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று, ஒரு காதுப் பக்கமும் அடுத்த காதுப் பக்கமும் மாறி மாறி ஆட்டிப் பார்த்திருக்கிறார். "பாப்பா சொன்ன பேச்சு கேக்காத பிள்ளை இல்லம்மா, பாப்பாவுக்குக் காது சரியாக் கேக்கல. பெரியாஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடுங்க" என்றார். இரண்டு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. சரிசெய்துவிடக்கூடிய குறை; சரிசெய்தோம். இன்று ஒன்பதாம் வகுப்பில் பாட்டுப் போட்டிக்குப் போகிறாள். கட்டணம் வாங்கிய இடத்தில் என் மகளைப் பார்த்துக்கொண்டார்கள். பால்வாடியில் அவளைப் பார்த்தார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் ஞாயிற்றுக்கிழமை சொல்ல நினைத்தேன்.

சின்னப் பிள்ளைகளுக்கான இடம் எதுவாக இருந்தாலும், அது தரக்கூடியதில் தலையானது இதுதான் என்பது என் துணிபு: பிள்ளையைப் பெற்றவர் அல்லாத ஒருவர், மற்றப் பிள்ளைகளோடு வைத்து அந்தப் பிள்ளையைப் பார்ப்பது. வீட்டில் என் மகள் ஒருத்திதான். அவள் பேசத் தாமதமாகிறாள் என்றால் "அவங்கப்பாவும் அப்படித்தான்" என்று மாமியார் சொல்வார், நானும் நம்பிவிடுவேன். இருபது பிள்ளைகளை அன்றாடம் பார்ப்பவருக்குத்தான் எந்தப் பிள்ளை நொண்டுகிறது, எது ஒதுங்கி உட்காருகிறது, எதற்கு இந்த மாதம் எடை ஏறவில்லை என்பது தெரியும். மாதாமாதம் எடை பார்த்துக் குறித்துவைக்கிறார்கள் அல்லவா, அந்த எண் குறையும்போது வீட்டுக்கே வந்து தாயிடம் விசாரிக்கிறார்கள். எந்த மழலையர் பள்ளி முதலாளி உங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளை ஏன் இளைத்துவிட்டது என்று கேட்டிருக்கிறார்?

சரி, உங்கள் பக்கத்தில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் மையங்களை நானும் பார்த்திருக்கிறேன். கழிப்பறை இல்லாத மையம், மழையில் ஒழுகும் மையம், பிள்ளைகளைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டுப் பதிவேடு எழுதிக்கொண்டிருக்கும் மையம், எல்லாம் உண்டு. நம் மையத்திலேயே கோடையில் அந்தத் தகரக் கூரையின் கீழ்ப் பிள்ளைகள் வேர்த்து ஊற்ற, தரையில் ஈரத்துணியை விரித்துப் படுக்க வைக்கிறார்கள். ஆனால் அதற்கான மருந்தைத்தானே நீங்கள் வேண்டாம் என்றீர்கள்? கட்டடம் மோசம் என்பதைக் காரணமாகக் காட்டி நல்ல கட்டடத்தைத் தடுப்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. சத்தமாக இருக்கும், தெருவில் மனை விலை இறங்கும் என்றவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகளின் பாட்டுச் சத்தத்தில் விலை இறங்கும் மனை இறங்கட்டும்.

எனக்கு மிகவும் வலித்தது குழுவில் ஒரு பெண்மணி எழுதியதுதான். "பிள்ளையைப் பெற்றவள் வீட்டில் இருந்து வளர்க்க வேண்டும், அடுத்தவரிடம் தள்ளிவிடுவதற்கு எதற்குப் பெற வேண்டும்?" என்று எழுதியிருந்தார், பன்னிரண்டு பேர் அதற்குக் கைகூப்பியிருந்தீர்கள். அம்மா, உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவர் காலை ஒன்பதரைக்குத் தன் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருகிறார் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? அந்த அறையில் இருக்கும் இருபத்திரண்டு பிள்ளைகளில் ஒன்று அவருடையது. மூன்றாவது தெருவில் எழும்பும் அடுக்குமாடிக்குக் கல் சுமக்கும் பெண்ணின் பிள்ளைகள் இரண்டு பேர். நம் காவலாளியின் பேத்தி ஒருத்தி. அவர்கள் வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்தால் நம் வீடுகளில் யார் வேலை செய்வார்கள்? 1969இல் டெல்லி ராஜ்காட்டில், காந்தி நூற்றாண்டு விழாவுக்கான கட்டுமானப் பணியில், வேலை செய்த தாய்மார்களின் கைக்குழந்தைகள் தூசியில் கிடப்பதைப் பார்த்துத்தான் மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கினார். 'மொபைல் கிரெச்சஸ்' அமைப்பு அப்படித்தான் பிறந்தது. பார்த்த உடனே அவருக்குப் பொறுக்கவில்லை. நாம் நாள்தோறும் பார்க்கிறோம்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் வந்தது. நல்ல சட்டம். எங்கள் அலுவலகத்தில் மொத்தம் பதினொரு பேர். பாத்திரம் தேய்ப்பவருக்கு அலுவலகமே இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அங்கன்வாடியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்று அரசு அளவு வைத்திருப்பதும் அதற்காகத்தான். தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய தூரத்தில் அது இருக்க வேண்டும். "ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் இடம் இருக்கிறதே" என்று செயலாளர் சொன்னபோது, மூன்று வயதுப் பிள்ளையோடு அந்தப் புறவழிச் சாலையை ஒருமுறை கடந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அன்று சிரித்தவர்கள் அந்த டீச்சரையும் ஆயாவையும் நினைத்துத்தான் சிரித்தீர்கள். மத்திய அரசு 2018 அக்டோபரில் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று மதிப்பூதியம் வைத்தது. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துத் தருகிறது. சம்பளம் என்றுகூட அதற்குப் பெயர் இல்லை. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2022 ஏப்ரல் வரை ஆயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நாட்டின் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்தி, கால் கழுவி, எடை பார்த்து, அடுத்தவர் பிள்ளையின் காது கேட்காததைக் கண்டுபிடித்த பெண்கள் அவர்கள். நம் ஆயா பிள்ளைகளுக்கு முட்டை உரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முட்டை போடும் நாள்களில் ஒவ்வொன்றையும் தண்ணீரில் உருட்டி ஓட்டை நீக்கி, சின்னஞ்சிறு பிள்ளைக்கு மஞ்சள் கரு தொண்டையில் அடைக்கும் என்று அதைப் பிட்டுச் சோற்றில் பிசைந்து, கடைசிப் பிள்ளை விழுங்கும் வரை எதிரே குந்தி உட்கார்ந்திருப்பார். இதைத்தான் நீங்கள் "சோறு போடுகிற இடம்தானே" என்றீர்கள். என் தம்பிக்குச் சோறு போட்ட ஆயாவின் பெயர்கூட எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது கேட்க அம்மா இல்லை.

நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று சிலர் கீழே எழுதுவீர்கள். எழுதுங்கள். தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யக் கோரும் கடிதம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். கை தூக்காத மற்ற மூவரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை மாலை ஆறு மணி வரை கடிதம் என் வீட்டில் இருக்கும், அதன்பின் செயலாளரிடம் கொடுத்துவிடுவேன். கையெழுத்திட மனமில்லாதவர்கள், அதற்கு முன் ஏதேனும் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு அந்த அறைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளோடு தரையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். டீச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்; யார் வந்தாலும் உட்காரப் பாய் போடுவதாகச் சொன்னார்.