அருவி வெட்டு, உப்பட்டி, சூடு

போன வருடம் மலேசியாவில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனபோது, கெடா மாநிலத்து நெல் அருங்காட்சியகத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த ஊர்தான் கெடா. அலோர் ஸ்டாருக்கு வெளியே, குனுங் கெரியாங் என்ற சுண்ணாம்புக்கல் மலைக்குப் பக்கத்தில், வயல்வெளியில் நிற்கிறது கட்டடம். 2004இல் திறந்தார்கள். மேல்மாடியில் நாம் நிற்கும் தளம் மெல்லச் சுழலும், சுற்றிவர வட கொரிய ஓவியர்கள் வரைந்த வயல்கள். எல்லோரும் அதைப் பார்க்க ஏறிவிட்டார்கள். அம்மா கீழேயே நின்றுவிட்டார்.

"இது எங்கட சுளகெல்லோ!"

அப்புறம் ஒவ்வொரு கருவியாகத் தொடங்கினார். இலங்கையின் வடக்கே கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த வயலோடு வளர்ந்தவர் அவர். அருவி வெட்டு என்றால் நெல் அறுவடை. வெட்டின கதிரைப் பிடிபிடியாக வயலில் போட்டால் உப்பட்டி. அதைக் காயவிட்டு, கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து குவித்தால் சூடு. சூடடித்துத் தூற்றின நெல் பொலி. அளக்கும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார்களாம், "லாபம்" என்றுதான் முதல் மரைக்கால் விழுமாம். நாற்பது வயதாகும் எனக்கு இதில் பாதி அன்றுதான் தெரிய வந்தது. வெட்கமாக இருந்தது.

இங்கே இலங்கையில் ஒரு காட்சிக்கூடத்தில் சுளகுக்குக் கீழே "தானியம் புடைக்கும் தட்டு" என்று தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அர்த்தம் பிழையில்லை. ஆனால் அந்தப் பொருளை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்ட தமிழர் யாரும் இல்லை. சுளகு என்று எழுத எத்தனை எழுத்து வேண்டும்?

சொற்கள் ஏன் போகின்றன என்று யோசித்தால் காரணம் கண்முன்னே இருக்கிறது. இப்போது மெஷின் ஒன்று வயலில் இறங்கி, வெட்டி, அடித்து, நெல்லைத் தனியே கொட்டிவிடுகிறது. நல்லதுதான், முதுகு முறிய அருவி வெட்டியவர்களுக்கு அந்த அருமை தெரியும். ஆனால் வெட்டுக்கும் மூட்டைக்கும் நடுவில் இருந்த அத்தனை சொல்லுக்கும் இனி வேலையில்லை. மொட்டைக்கறுப்பன் மாதிரிப் பழைய நெல்லின் விதையைப் பாதுகாக்கக் கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் மரபணு வங்கி இருக்கிறது. உப்பட்டியைப் பாதுகாக்க என்ன இருக்கிறது?

வடக்கிலும் கிழக்கிலும் ஒரு நெல் அருங்காட்சியகம் வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கலப்பையும் கடகமும் மட்டும் போதாது. அந்த அந்த ஊர்ச் சொல்லும், அதைச் சொல்லும் குரலும் அதற்குள் இருக்கவேண்டும்.

அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளட்டிலேயே கண்டுகொண்டேன். அம்மாவுக்குக் கீழ்மாடியில் மட்டக்களப்பு அன்ரி ஒருவர் சிநேகிதம். பின்னேரங்களில் கதைப்பார்கள். அன்ரி வட்டை என்பார், பெரிய வயற்காரரைப் போடியார் என்பார், வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானை பற்றிச் சொல்வார். "வட்டை எண்டா என்ன?" என்று அம்மா கேட்க, வயல்வெளி முழுக்கக் கையால் விரித்துக் காட்டுவார் அன்ரி. காலி வீதி இரைச்சலுக்கு நடுவில் இரண்டு மாவட்டத்து வயல்கள் ஒரு பிளாஸ்டிக் மேசையில்! கொழும்பில் இப்படி எத்தனை மாடிகளில் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள், கேட்க ஆளில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரையும் போனில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறேன். மகள் கேள்வி கேட்கிறாள், அவர்கள் சொல்கிறார்கள். உங்கள் வீட்டிலும் செய்யுங்கள், இந்தக் கிழமையே.

உப்பட்டிக்கு அன்ரியும் உப்பட்டி என்றுதான் சொல்கிறார். மன்னாரில், கட்டுக்கரைக்குளத்துப் பக்கம் வயல் செய்தவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் பக்கம் அதற்கு என்ன பெயர் என்று கீழே எழுதுங்கள். அம்மா கேட்கச் சொன்னார்.