எந்த மரத்துலய்யா?

பறவை பார்க்க வந்து, மழைக்காட்டுக்குள்ள நின்னுக்கிட்டு "அதோ, அந்த மரத்துல!"ன்னு கை நீட்டுற புண்ணியவான்களே, கொஞ்சம் சுத்திப் பாருங்க. மரத்தைத் தவிர வேற என்ன இருக்கு இங்க?

இன்னைக்குக் காலையிலயும் அதே கூத்து. ரெண்டு மணி நேரமா ஒரு குருவி கிடையாது, சில்வண்டு இரைச்சல் மட்டும். திடீர்னு துடுப்புவால் கரிச்சான் குரல். அது கேட்டா பெரும்பாலும் பின்னாடியே கலவைக் கூட்டம் வரும். பல இனம் ஒண்ணா இரை தேடிக்கிட்டே நகரும், சில நிமிஷத்துல தாண்டிப் போயிடும். அந்தச் சில நிமிஷத்துக்குத்தான் இருட்டோட எழுந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்துட்டு வர்றது.

முதல் நிமிஷம். ஒருத்தர் கிசுகிசுக்கிறார்: "தீக்காக்கை!" எங்க? "அதோ." அதோன்னா? "அந்தப் பச்சைக் கிளைக்குப் பின்னாடி." ஆஹா, பச்சைக் கிளை! கடல்ல நின்னு "அந்தத் தண்ணி பக்கத்துல"ன்னு அடையாளம் சொல்ற மாதிரி. ரெண்டாவது நிமிஷம்: "இலை ஆடுது பாருங்க, அங்க." ஆடாத இலையைக் காட்டுங்க சாமி. மூணாவது நிமிஷம்: "என் விரலைப் பாருங்க." அந்த விரல் அவர் கண்ணுக்குத்தான் நேர். மூணடி தள்ளி நிக்கிறவங்களுக்கு அதே விரல் வேற மரத்தைக் காட்டும். நாலாவது நிமிஷம்: "இவ்ளோ பெருசா உட்கார்ந்திருக்கே, இன்னுமா தெரியல?" அஞ்சாவது நிமிஷம்: "போச்சு, பறந்துடுச்சு."

சொல்றதுக்கு ஒரு முறை இருக்குய்யா. முதல்ல எல்லார் கண்ணுக்கும் படுற ஒண்ணைப் பிடிங்க: வெளுத்த அடிமரமோ, கொடி சுத்தினதோ, ஒடிஞ்ச கிளையோ. அப்புறம் அந்த மரத்தோட தலையைக் கடிகாரமா வெச்சுக்கங்க, உச்சி 12. "வெள்ளை அடிமரம், முதல் கவைக்கு மேல, 2 மணி, கிளையில பாதி தூரம், காய்ஞ்ச இலைக்கு இடப்பக்கம்." அவ்வளவுதான், அஞ்சாறு விநாடி. கையே தூக்க வேணாம், தூக்கினாத்தான் பறவை மிரளும். தீக்காக்கைன்னா முதுகு தெரியுதா வயிறு தெரியுதான்னும் சொல்லித் தொலைங்க. ஆளைக் கண்டா முதுகைத் திருப்பிக்கிட்டு அசையாம உட்கார்ற ஜாதி அது. முதுகு பழுப்பு. கூட இருக்கிறவங்க ஆண் பறவையோட சிவப்பு வயித்தைத் தேடிக்கிட்டே கிடப்பாங்க.

தேடுறவங்க மட்டும் என்ன ஒழுங்கு? பறவையைக் கண்ணால பிடிச்சுட்டு, பார்வையை எடுக்காம பைனாகுலரைத்தான் கண்ணுக்குக் கொண்டு வரணும். இங்க குனிஞ்சு பைனாகுலரைப் பார்த்து, நிமிர்ந்து, நூறடி உசரத்துல முதல்ல இருந்து துழாவல். அதுவும் 12×25! அதாவது 12 மடங்கு பெருக்கம், முன் லென்ஸ் அகலம் வெறும் 25 மி.மீ. பெருக்கம் கூடினா பார்வைப் பரப்பு சுருங்கும், கை நடுக்கமும் சேர்ந்து பெருசாகும். அடர்ந்த காட்டுல தரைக்கு வந்து சேர்ற வெளிச்சமே நூத்துல ஒண்ணு ரெண்டு பங்கு. 42-ஐ 8-ஆல வகுங்க: 8×42-ல கண்ணுக்கு வர்ற ஒளிவட்டம் 5.25 மி.மீ. உங்க 25-ஐ 12-ஆல வகுத்தா 2 மி.மீ. சொச்சம். அந்த ஓட்டையில தீக்காக்கையும் கறுப்பு, காய்ஞ்ச இலையும் கறுப்பு.

இதுல ஒருத்தருக்கு பைனாகுலரோட ரெண்டு கண்ணாடியும் ஆவி பூத்துப் போச்சு. ராத்திரி முழுக்க ஏசி அறையில கிடந்த கண்ணாடி, ஈரக்காத்துல எடுத்தா பூக்காம என்ன செய்யும்? அரை மணி நேரம் முன்னாடியே பையோட வெளிய வெச்சிருக்கணும். "நைட்ரஜன் நிரப்பினதாச்சே"ன்னு பரிதாபமா கேக்கறார். அது உள்பக்கம் ஆவி பூக்காம இருக்க மட்டும்தாங்க. உடனே சட்டை நுனியால தேய் தேய்னு தேய்ச்சு, ஒட்டியிருந்த மணலாலயே லென்ஸ் பூச்சைக் கீறியாச்சு.

சரி, கூட்டம்தான் போச்சு, சத்தம் போடாம நின்னா ஆறுமணிக்குருவியாவது சருகுல தத்தி வரும்னு நின்னா, பின்னாடி "சர்ர்ர்ரக்!" பையோட வெல்க்ரோ. பிஸ்கட் எடுக்கறாராம். காட்டுக்குப் போற பையில வெல்க்ரோ வெச்சுத் தெச்ச மகராசன் யாருய்யா? பட்டன் இல்லையா, ஒரு நாடா கூடவா கிடைக்கல?