செங்கடலில் பார்வோனின் தேர்ச் சக்கரங்களா?

"செங்கடலுக்கு அடியில் பார்வோன் படையின் 400 எலும்புக்கூடுகளும் தேர்ச் சக்கரங்களும் கிடைத்துவிட்டன, மோசே கதை நிரூபணம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. மோசே இஸ்ரவேல் மக்களை எகிப்திலிருந்து கூட்டிச் சென்றபோது, துரத்தி வந்த எகிப்து அரசன் பார்வோனின் படை செங்கடலில் மூழ்கியது என்பது பைபிள் கதை. அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

இந்தச் செய்தி 2014-இல் வேர்ல்ட் நியூஸ் டெய்லி ரிப்போர்ட் என்ற தளத்தில் வந்தது. கற்பனைச் செய்திகளை எழுதும் நையாண்டித் தளம் அது. அதை அந்தத் தளமே அறிவித்திருக்கிறது. சக்கரக் கதை அதைவிடப் பழையது. அமெரிக்கரான ரான் வயட் பல ஆண்டுகளுக்கு முன்பே சொன்னது. ஆய்வாளர்கள் சோதித்துப் பார்க்க ஒரு சக்கரம்கூட வரவில்லை.

சரி, உண்மையில் இருப்பது என்ன? எகிப்து அரசர் மெர்னெப்தாவின் கல்வெட்டு. 1896-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி, எகிப்தின் பழைய நகரமான தீப்ஸில் கண்டெடுத்தது. சுமார் கி.மு. 1208-ஐச் சேர்ந்த அதில் 'இஸ்ரேல்' என்ற பெயர் வருகிறது, அதுவும் நாடாக அல்ல, கானான் (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனம்) பகுதியில் வாழும் மக்கள் கூட்டமாக. எனக்கு இது எந்தத் தேர்ச் சக்கரத்தையும்விடச் சுவாரசியம். ஆனால் இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வெளியேறியது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

வெளியேறிய காலத்திலும் ஒருமித்த கருத்து கிடையாது. பைபிளின் 1 இராஜாக்கள் 6:1-ஐ வைத்துக் கணக்கிட்டால் சுமார் கி.மு. 1446, யாத்திராகமம் 1:11 சொல்லும் ராமசேஸ் பட்டணத்தை வைத்துப் பலர் கி.மு. 13-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். பைபிள் சொல்லும் அளவிலான பெரும் வெளியேற்றத்துக்குத் தொல்லியல் சான்று இல்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் நிலை.

நம்பிக்கை வேறு விஷயம், அதில் யாரும் கை வைக்கவில்லை. கல்வெட்டின் மொழிபெயர்ப்பு இணையத்திலேயே கிடைக்கிறது, படித்துப் பாருங்கள். அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்ப வேண்டாம்.