எலிசபெத் கேட்லெட் யாரை வரைந்தார், யாருக்காக வரைந்தார்?

கறுப்பினப் பெண்ணின் தலையில் பொற்கிரீடத்தையும் பின்னணியில் பூக்களையும் வைத்து உருவப்படம் வரைந்து, அதையே கொண்டாட்டம் என்று கருதும் போக்கு இன்று பெருகியிருக்கிறது. அந்தப் படங்களின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால், அமெரிக்கக் கறுப்பினச் சிற்பியும் அச்சோவியருமான எலிசபெத் கேட்லெட்டைத் தம் முன்னோடியாகக் கொண்டு வரைபவர்கள், அவர் யாரை வரைந்தார், யாருக்காக வரைந்தார் என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1915இல் வாஷிங்டனில் பிறந்த கேட்லெட்டுக்கு, கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி கல்வி நிறுவனம் இடம் மறுத்தது. நியூ ஆர்லியன்ஸில் ஆசிரியராக இருந்தபோது, பிக்காசோ கண்காட்சியைத் தம் மாணவர்களுக்குக் காட்ட விரும்பினார். அருங்காட்சியகம் அமைந்திருந்த பூங்காவுக்குள் கறுப்பினத்தவர் நுழையக் கூடாது என்பதால், அது மூடியிருக்கும் நாளில் பேருந்தை வாசல்வரை கொண்டு நிறுத்தி அவர்களை உள்ளே அழைத்துச் சென்றார். பின்னர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், பிறர் வீடுகளில் வேலை செய்து பிழைத்த பெண்கள் படிக்க வந்த பள்ளியொன்றில் சிற்பக்கலையோடு தையலும் கற்பித்தார்.

1946, 1947ஆம் ஆண்டுகளில் மெக்சிகோவில் அவர் செதுக்கிய 15 லினோகட் (லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடும்) படங்களின் வரிசைக்கு அந்தப் பெண்களே உயிர் கொடுத்தார்கள் என்பேன். அடிமைத்தளையிலிருந்து பலரை மீட்ட ஹாரியட் டப்மனும், உரிமைக்குப் போராடிய சோஜர்னர் ட்ரூத்தும், கவிஞர் ஃபில்லிஸ் வீட்லியும் அதில் இருக்கிறார்கள். வயலில் உழைப்பவளும் பிறர் வீட்டைத் துப்புரவு செய்பவளும் அதே வரிசையில், அதே மதிப்போடு நிற்கிறார்கள். தலைப்புகளைத் தொடர்ந்து வாசித்தால், அத்தனை பேரும் ஒருத்தியாகி ‘நான்’ என்று பேசுவதாக அமைகிறது. புகழ்பெற்றவர்களை மட்டும் வரைந்திருந்தால் இந்தக் குரல் பிறந்திருக்காது.

1952இல் அவர் படைத்த வாரச் சாகுபடிப் பெண்ணின் உருவத்தைப் பாருங்கள். அகன்ற வைக்கோல் தொப்பி, கழுத்தருகே ஊக்கு குத்திய மேலாடை, உழைப்பின் கோடுகள் ஓடிய முகம். நாம் அவளை அண்ணாந்து பார்க்கும்படி கோணம் அமைந்திருக்கிறது. அவளோ நம்மைப் பாராமல் வேறெங்கோ நோக்குகிறாள். அவளுடைய வறுமையை அவர் மறைக்கவில்லை. அதற்காக நம் இரக்கத்தையும் கேட்கவில்லை. லினோலியத்தில் செதுக்கினால் பல படிகள் மலிவாக அச்சிடலாம் என்பதால், எளியவர்களின் சுவருக்கும் அந்தக் கலை போய்ச்சேர முடிந்தது.

இந்தப் பிடிவாதத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1962இல் மெக்சிகோவின் குடியுரிமையை ஏற்றபின், பிறந்த நாடே அவரை வேண்டாதவர் என்று முத்திரையிட்டு, பல ஆண்டுகள் உள்ளே விட மறுத்தது.

இன்றைய ஓவியர்களில் ஏமி ஷெரால்டை இந்த மரபுக்கு நெருக்கமானவராகவே நான் பார்க்கிறேன். மிஷேல் ஒபாமாவை வரைந்த அவர்தான், 2020 மார்ச்சில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் தம் வீட்டிலேயே காவலர்களின் துப்பாக்கிக்கு இரையான 26 வயது மருத்துவப் பணியாளர் பிரியோனா டெய்லரையும் வரைந்தார். நீலப்பச்சை உடையில் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பெண்ணின் விரலில், அவருடைய காதலர் அணிவிக்க நினைத்திருந்த மோதிரம் இருக்கிறது. லூயிவில்லின் ஸ்பீட் அருங்காட்சியகமும் வாஷிங்டனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகமும் அந்த ஓவியத்தைக் கூட்டாக வாங்கின. கிடைத்த தொகையை, பிரியோனாவின் பெயரால் லூயிவில் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்க ஷெரால்ட் அளித்துவிட்டார்.