நல்ல பாம்பின் ஜீனோமைப் படித்து என்ன ஆகப்போகிறது?

"மனிதனுடைய ஜீனோமைத்தான் படித்தாயிற்றே, இனி ஒவ்வொரு விலங்குக்கும் கோடிகளைக் கொட்ட வேண்டுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜீனோம் என்றால் ஓர் உயிரினத்தின் மொத்த மரபணுத் தொகுப்பு. கொட்டத்தான் வேண்டும் என்பேன். காரணம் சொல்ல நல்ல பாம்பு ஒன்றே போதும்.

இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் சாகிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் வயலில் வேலை செய்யும் ஏழைகள். அவர்களுக்கான மருந்து இன்றும் 1890-களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெத் போட்ட பாதையில்தான் தயாராகிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மண்பானையில் இருக்கும் பாம்பை வெளியே எடுத்து, வாய் மூடிய கண்ணாடிக் குவளையைக் கடிக்க வைத்து நஞ்சை இறக்குவார்கள். அந்த நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுத்தால் மருந்து ரெடி. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்து அது. இருளர்களுக்கு இந்த நாடு பட்ட கடன் கொஞ்சமல்ல. ஆனால் அந்தக் குதிரை அதுவரை சந்தித்த கிருமிகளுக்கான புரதங்களும் அதில் கலந்தே வருகின்றன. நஞ்சை முறிப்பது அதில் ஒரு பங்குதான். அதனால் பாட்டில் பாட்டிலாக ஏற்ற வேண்டியிருக்கிறது, சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையும் வருகிறது.

2020-இல் இந்திய நல்ல பாம்பின் ஜீனோம் வெளியானது. அதன் நச்சுச் சுரப்பியில் இயங்கும் நச்சு மரபணுக்கள் 139. அவற்றில் அந்தச் சுரப்பியில் மட்டுமே வேலை செய்பவை வெறும் 19! எதைக் குறிவைக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அந்தப் புரதங்களை ஆய்வகத்திலேயே செய்து, அவற்றுக்கு மட்டும் எதிர்ப்புப் புரதம் தயாரிக்க வழி பிறந்திருக்கிறது.

சரி, ஒரு பாம்போடு நிறுத்திக்கொள்ளலாமா? கூடாது. ஜீனோமின் பயனே ஒப்பிடுவதில்தான் இருக்கிறது. 2013-இல் ராஜநாகத்தையும் நஞ்சில்லாத பர்மிய மலைப்பாம்பையும் சேர்த்துப் படித்தபோதுதான், உடலில் சாதாரண வேலை பார்த்த மரபணுக்கள் பெருகி, மாறி, நஞ்சான கதை தெளிவானது. பாலூட்டிகளிலும் அப்படியே. 240 இனங்களை ஒப்பிட்ட ஜூனோமியா திட்டம், மனித ஜீனோமில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு பல கோடி ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை என்று 2023-இல் காட்டியது. மனிதனை மட்டும் எத்தனை முறை படித்தாலும் இது தெரிந்திருக்காது.

நல்ல பாம்பிலேயே ஊருக்கு ஊர் நஞ்சு மாறுகிறது. இங்கே எடுத்த நஞ்சில் செய்த மருந்து வேறு சில மாநிலங்களில் அதே அளவுக்குக் கேட்பதில்லை. வடகிழக்கில் இருக்கும் ஒற்றை வட்ட நாகத்தின் நஞ்சு அந்த மருந்துத் தயாரிப்பில் சேர்வதே இல்லை. முதலில் படிக்க வேண்டியது இவற்றைத்தான், பகுதி பகுதியாக, அரசுப் பணத்தில். கிடைக்கும் தரவு எந்த ஆய்வாளரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் இருக்க வேண்டும்.